தசரதன் கழற்றிய நாவல்

ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்த தசரதனுக்கு இரண்டு பெருமைகள். எந்த மிஷினையும் கழற்றி, ஒரு நட்டு கூட மிச்சம் வராமல் திரும்ப மாட்டிவிடுவார் என்பது ஒன்று. தான் ஒரு நாவலாசிரியர் என்பது இன்னொன்று. முதல் பெருமையைக் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. இரண்டாவதை அவர் மட்டும்தான் ஒப்புக்கொண்டிருந்தார்.

பரண்மேல் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஐந்து நாவல்கள். ஐந்தும் மூன்றாவது அத்தியாயத்தோடு மூச்சை விட்டவை. ஒன்றில் கதாநாயகன் வருஷக்கணக்காகப் பல் தேய்த்துக்கொண்டே இருந்தான். வாய் கொப்பளிக்க அவனை ஆசிரியர் இன்னும் விடவில்லை. இன்னொன்றில் கதாநாயகி மாடிப்படியில் பாதியில் நின்றாள். ஏறுவதா இறங்குவதா என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவர்தான் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று, வல்லக்கோட்டை முருகன் சன்னதியில், கற்பூரத்துக்கு மேலே கையை நீட்டி, தன் ஆறாவது நாவலைப் பற்றி ஒரு சத்தியம் செய்தார். இலக்கிய ஆசையால் அல்ல. பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பாமல் இருப்பதற்காக.

விஷயம் இதுதான். மகள் கலைமதியைக் குன்றத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு சுந்தராம்பாளுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்குக்குப் பெண்களை எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக் கனகம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டாள். சுந்தராம்பாளும் போய்ப் பார்த்தாள். பிஸ்கட்டை அடுக்கிக் காட்டச் சொன்னார்கள். அடுக்கிய வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசரே தன் டீயை ஆறவிட்டார். மாசக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். அதுவரை இடத்தை வைத்திருப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். சுந்தராம்பாளுக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

தசரதன் ஒப்பவில்லை.

"நம்ம குடும்பத்துல பொம்பளைங்க வேலைக்குப் போனதே இல்ல."

"உங்க ஆத்தா வெயில்ல நாத்து நட்டாங்களே, அது இன்னா, வெளையாட்டா?"

"அது வயல். இது கம்பெனி."

"கம்பெனில ஃபேன் கீது. வயல்ல அது கூட இல்ல."

பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் தசரதன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து "தோ வரேன்" என்று ஒரு குரல் வரவேண்டும். அந்தக் குரல் இல்லாத வீட்டுக்குள் நுழைய அவருக்குப் பயம். இதை வெளியே சொன்னால் ஃபிட்டர்கள் சிரிப்பார்கள் என்பதால் குடும்ப கௌரவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே சுந்தராம்பாள் ரேடியோ இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்டாள். காவடிக் கூட்டம் முன்னும் பின்னும் நெருக்க, அர்ச்சகர் தட்டை நீட்டிய சமயம்.

"இன்னாங்க, நான் வேலைக்குப் போவட்டுமா, வேணாமா? சாமி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"இங்கயா கேப்பாங்க? வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்மே."

"வூட்ல நீங்க நியூஸ் கேக்கறீங்க. இங்கதான் சொல்லணும்."

பின்னால் நின்ற கனகம் கழுத்தை நீட்டினாள். இரண்டு காவடிகள் நகராமல் நின்றன. அந்த நெருக்கடியில்தான் தசரதனுக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது.

"சுந்தரா, நான் ஒரு நாவல் எழுதப் போறேன். மெட்ராஸ் பத்திரிகை ஒண்ணு போட்டி வெச்சுக்கீது. எழுதும்போது நீ வூட்ல இருக்கணும். வேளைக்கு டீ வேணும். என் கையால 'முற்றும்'னு என்னிக்கு எழுதறேனோ, மறுநாளே நீ வேலைக்குப் போ. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"மறுநாளேவா?"

"மறுநாளே."

"சத்தியமா?"

"முருகன் சத்தியமா!"

கை கற்பூரத்துக்கு மேலே போய் வந்தது. சூடு பட்டுவிட்டது. ஆனாலும் தசரதன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு இருந்தது. "நானும் கேட்டுகினேன்" என்றாள் கனகம். இரண்டு காவடிகளும் நகர்ந்தன.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் சீட்டி அடித்துக்கொண்டே வந்தார். தசரதனாவது, முற்றும் எழுதுவதாவது! மூன்றாவது அத்தியாயத்தையே தாண்டாத கை அது. மாசக் கடைசி வந்துவிடும், இடம் போய்விடும், சத்தியமும் பொய்க்காது. பெண்டாட்டியையும் முருகனையும் ஒரே சமயத்தில் சமாளித்த ஆள் இந்த ஒன்றியத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவருக்குத் தோன்றியது.

அன்றே நாவல் ஆரம்பமாகிவிட்டது. "கிழக்கே செங்கதிரோன் எட்டிப் பார்த்தான்" என்று எழுதினார். மறுநாளும் செங்கதிரோன் எட்டித்தான் பார்த்தான். அந்த வாரம் முழுக்க அவன் மேலே வரவில்லை. நடுநடுவே "டீ!" என்று மட்டும் ஒரு குரல் போகும். இஞ்சி தட்டிப் போட்ட டீ வரும். சுந்தராம்பாள் ஒரு முணுமுணுப்பு காட்டவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

போட்டி அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. கதைப்போக்கில் புதுமை செய்வோருக்கு முன்னுரிமை. தசரதன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புதுமை செய்யப் போனால் இன்னும் தாமதமாகும் அல்லவா?

முதலில் சீட்டுக்கட்டு முறை. அத்தியாயங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கதை வரவேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு சுருக்கம் எழுதி, தன்கூட வேலை செய்யும் ஜோயலிடம் கொடுத்துக் கலைத்துப் படிக்கச் சொன்னார். ஜோயல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தான்.

"அண்ணே, இதுல ஹீரோ ரெண்டாவதுலயே செத்துடறாரு."

"செத்தா என்னா? மேல படி."

"நாலாவதுல கல்யாணம் பண்ணிக்கறாரு."

"ஆவியா."

"ஆறாவதுல கொழந்த பொறக்குதுண்ணே."

தசரதன் சுருக்கங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அடுத்து, கதாநாயகனே இல்லாத நாவல். அவன் எப்போதும் அடுத்த அறையில் இருப்பான். மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பக்கம் எழுதியதும், அடுத்த அறையில் அவன் என்ன செய்கிறான் என்று ஆசிரியருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழுந்துபோய்த் தன் வீட்டின் அடுத்த அறையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். அங்கே சுந்தராம்பாள் ஏதோ நீலத்துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். டீ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

மாசக் கடைசிக்குச் சில நாள் இருக்கும்போது வீட்டில் பம்ப் ஸ்டவ் மக்கர் பண்ணியது. எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறவில்லை.

"நாவல் எழுதறவர தொந்தரவு பண்ணக்கூடாதுதான்" என்று சுந்தராம்பாள் தயங்கித் தயங்கி ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்தாள். "ஆனா இது எரியலன்னா டீ இல்ல."

டீ இல்லாத நாவல் ஏது? தசரதன் ஸ்பேனரை எடுத்தார். கையில் ஸ்பேனர் வந்துவிட்டால் அவருக்குப் பேச்சும் வந்துவிடும்.

"பாத்துக்கோ. மாட்டும்போது எது கடைசியா போச்சோ, கழட்டும்போது அதுதான் மொதல்ல வரும். தொழில்ல இதான் வேதம். முன்னாடிலேந்து கழட்டினா ஒண்ணியும் நடக்காது. பின்னாடிலேந்து வரணும். அப்பதான் கோளாறு எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியும்."

"அப்படியா!" என்றாள் சுந்தராம்பாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

"தோ பார், வாஷர் தலகீழா கீது. எந்த மடையன் மாட்டினானோ."

"எந்த மடையனோ" என்றாள் அவளும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பெருமூச்சு விட்டாள். "மிஷினுக்கு இப்படி ஒரு வழி கீது. பாவம், கதைக்குத்தான் இல்ல. எல்லாரும் விடிகாலைலேந்தே ஆரம்பிச்சாவணும். கதைய பின்னாடிலேந்து கழட்டறதுன்னா அதுக்கெல்லாம் பெரிய மூளை வேணும். நம்மூர்ல யாரால ஆவும்?"

தசரதனின் ஸ்பேனர் நின்றது.

"யாரால ஆவுமா?"

"நான் உங்கள சொல்லலீங்க. பொதுவா சொன்னேன்."

பொதுவாகச் சொன்னதுதான் அவரைக் குத்திவிட்டது. ஸ்டவ்வை மாட்டி முடித்தாரோ இல்லையோ, பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி அத்தியாயத்தை முதலில்! அங்கிருந்து ஒவ்வொரு நட்டாகப் பின்னால் கழற்றிக்கொண்டே போனால், கோளாறு எங்கே ஆரம்பித்தது என்று கடைசிப் பக்கத்தில் தெரியும். உலகத்தில் ஒருவனுக்கும் தோன்றாத போக்கு!

பேனா ஓடியது. தசரதன் வாழ்க்கையில் பேனா ஓடியது அதுதான் முதல் தடவை. முடிவை எழுதுவதில் ஒரு சுகம் இருந்தது. எதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. காரணமெல்லாம் அப்புறம் வரப்போகிறது. மழை வேண்டுமா, பெய்யட்டும். கூண்டு வேண்டுமா, தூக்கிக்கொள்ளட்டும். சத்தியத்தைப் பற்றிய நினைப்பே அவருக்கு இல்லை. எழுதுகிற சந்தோஷத்தில் அவர் மாமியார் பெயரைக் கேட்டிருந்தால்கூட யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் பாய் விரித்து, தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்தாள் சுந்தராம்பாள். கனகம் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஜோயலும் அவன் மனைவி இசைவாணியும் வந்தார்கள். அவளும் பிஸ்கட் கம்பெனிதான். தசரதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையம். பேய்மழை. காஞ்சனா வெறுங்காலோடு பஸ்ஸில் ஏறினாள். அவள் கையில் ஒரு கிளிக்கூண்டு. கூண்டில் கிளி இல்லை. ஏறியவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். ஒற்றைச் செருப்போடு மழையில் நின்றான் ராஜசேகரன். பஸ் போய்விட்டது."

எல்லோரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள்.

"இன்னொரு செருப்பு எங்க?"

"கிளி எங்க போச்சு?"

"ஏன் வெறுங்கால்ல போறா?"

"போறவ அழாம ஏன் சிரிக்கறா?"

தசரதன் கண்ணை மூடி மந்தகாசமாகச் சிரித்தார். "அதெல்லாம் பின்னாடி வரும்."

"பின்னாடின்னா, இதுக்கு முன்னாடியா?" என்றான் ஜோயல்.

"ஆமா. முன்னாடி நடந்தது பின்னாடி வரும். பின்னாடி நடந்தது முன்னாடியே வந்துடுச்சு. அதாண்டா புதுமை."

ஜோயல் தலையைச் சொறிந்துகொண்டான். சுந்தராம்பாள் மட்டும் பேப்பரை வாங்கி, அடியில் உற்றுப் பார்த்தாள்.

"நல்லா கீதுங்க. ஆனா கீழ மொட்டையா கீதே. கடைசி அத்தியாயம்னா அடியில ஒண்ணு போடுவாங்களே. போடலன்னா பத்திரிகைக்காரன் பாதி கிழிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கப் போறான்."

"அட, ஆமாம்ல!" என்றார் தசரதன். தொடைமேல் வைத்து, பெரிய எழுத்தில், சுழித்துச் சுழித்து 'முற்றும்' என்று எழுதினார். அடியில் இரண்டு கோடும் இழுத்தார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். கனகம்தான் ரொம்ப நேரம் தட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் தசரதன் "டீ!" என்றார். டீ வந்தது. கொண்டுவந்தவள் நீலக் கோட்டு போட்டிருந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி.

"இன்னாம்மே இது வேஷம்?"

"வேன் வந்துடும். சோறு வடிச்சு வெச்சுட்டேன். கொழம்பு மூடி வெச்சுக்கீறேன். மத்தியானம் சுட வெச்சுக்கோங்க."

"எங்க போற?"

"வேலைக்கு. நேத்து உங்க கையால 'முற்றும்' எழுதினீங்க. இன்னிக்கு மறுநாளு."

தசரதன் டீயைக் கீழே வைத்தார்.

"அது... அது நாவல் முடிஞ்சதுக்கு இல்ல. ஆரம்பிச்சதுக்கு எழுதினது! இன்னும் மிச்ச நாவல் பூராவும் கீதே!"

"நாவல் முடிஞ்சான்னு நீங்க கற்பூரத்துல சொல்லல. 'முற்றும்'னு என்னிக்கு எழுதறேனோன்னுதான் சொன்னீங்க."

"ஆமா, அப்படித்தான் சொன்னாரு" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனகத்தின் குரல் வந்தது.

"இது வட்ட நாவல்ம்மே! முடிவு போயி ஆரம்பத்துல ஒட்டிக்கும். வட்டத்துக்கு முடிவே கெடையாது."

"வட்டமோ சதுரமோ, அத்த நீங்க முருகன்கிட்ட பேசிக்கோங்க. நான் வேலைக்குப் போறேன்."

முருகன் பெயரைக் கேட்டதும் தசரதன் அடங்கினார். கற்பூரம் சுட்ட இடம் லேசாக எரிகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் கோட்டைக் கவனித்தார். தோளிலிருந்து கை வரை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"கோட்டு எப்ப தெச்ச?"

"ஸ்டவ் ரிப்பேராவறதுக்கு முன்னாடியே."

"ஸ்டவ்வுக்கும் கோட்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

"வாஷர தலகீழா மாட்டினது நான்தான்."

"உனக்கு ஸ்டவ் கழட்டத் தெரியுமா?"

"இத்தினி வருசமா நீங்க பேசிகினே கழட்டறத பாத்துகினுதான கீறேன்" என்றாள் சுந்தராம்பாள். வாசலில் ஹாரன் அடித்தது. "தோ வரேன்" என்று வேனுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த "தோ வரேன்" தன் கதவுக்கு வராமல் ஒரு வேனுக்குப் போனதில் தசரதனுக்கு மனசு ரொம்பவே வலித்தது. குழம்பைச் சுட வைக்காமலே சாப்பிட்டார்.

அந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிப்ட். காலை முழுக்க வீடு வெறிச்சென்று கிடந்தது. சரி, நாவலையாவது கழற்றுவோம் என்று உட்கார்ந்தார். கடைசிக்கு முந்தின அத்தியாயம். ராஜசேகரனின் இன்னொரு செருப்பு எங்கே போயிற்று? தசரதனுக்குத் தெரியவில்லை. நாய் தூக்கிப் போயிற்று என்று எழுதினார். அடித்தார். சேற்றில் மாட்டிக்கொண்டது என்று எழுதினார். அதையும் அடித்தார். மிஷின் என்றால் யாரோ ஒருத்தன் முன்னால் ஒழுங்காக மாட்டி வைத்திருப்பான், கழற்றினால் வரும். இந்தக் கதையை ஒருத்தரும் மாட்டவே இல்லையே! இல்லாத மிஷினைக் கழற்றுவது எப்படி என்று எந்த ஃபோர்மேனும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ரெண்டு நாள் கழித்து, கம்பெனியில் ஒரு டிரில்லிங் மிஷின் அடியில் இருவரும் படுத்திருக்கும்போது ஜோயல் சொன்னான்.

"அண்ணே, அந்த செருப்பு விஷயம் பிரமாதம்ணே. எப்படித்தான் யோசிச்சீங்களோ!"

"எந்த செருப்பு விஷயம்?"

"அதாண்ணே, ராஜசேகரன் செருப்பு. இன்னொண்ணு எங்க போச்சுன்னு."

தசரதன் மிஷினுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "உனக்கு யாருடா சொன்னது?"

"இசைவாணி. வேன்ல அண்ணி தெனம் ஒரு அத்தியாயம் சொல்றாங்களாமே. உங்க நாவலு. முந்தாநேத்து செருப்பு, நேத்து கிளியாம்."

தன் நாவலில் அப்படி ஓர் அத்தியாயம் இருப்பது தசரதனுக்கே தெரியாது. ஆனால் ஆசிரியர் ஆயிற்றே, விட்டுக்கொடுக்க முடியுமா?

"சரி, நீ சொல்லு பாப்போம். ஒழுங்கா வாங்கிகினியான்னு பாக்கறேன்."

"காஞ்சனா வெளிய போவக்கூடாதுன்னு ராஜசேகரன் அவ செருப்புல ஒண்ண ஒளிச்சு வெச்சுட்டான் இல்ல? அவ சண்டையே போடல. கம்முனு போயி அவன் செருப்புல ஒண்ண கெணத்துல போட்டுட்டா. ரெண்டு பேரும் வாசல்ல ஒத்தச் செருப்போட நிக்கறாங்க. அவ தன் செருப்ப கழட்டி வெச்சுட்டு வெறுங்கால்ல நடக்க ஆரம்பிச்சுட்டா. அவனுக்கு ஒத்தச் செருப்ப கழட்டவும் மனசு வரல. அப்படியே பின்னாடி ஓடறான்."

"ம்" என்றார் தசரதன். பிரமாதமாகத்தான் இருந்தது. "கிளி?"

"அது இன்னும் ஷோக்குண்ணே. அவ வாசப்படி தாண்டும்போதெல்லாம் 'போகாதே போகாதே'ன்னு கத்தறதுக்கு அவன்தான் கிளிக்கு பழக்கி வெச்சுக்கீறான். அவ பகல்ல உக்காந்து அதுக்கு 'போய்ட்டு வா'ன்னு சொல்லிக் குடுத்துட்டா. ஒரு நாள் அவ கூண்ட தொறந்து விட்டா. கிளி அவகிட்டயே 'போய்ட்டு வா'ன்னு சொல்லிட்டு பறந்துபோச்சு. இசைவாணி அழுதுட்டாண்ணே."

தசரதன் திரும்ப மிஷினுக்கு அடியில் போய்விட்டார்.

"சரியா சொன்னனாண்ணே?"

"ம். சரிதான். வர்ற வழியில கொஞ்சம் தேஞ்சுகீது."

அதிலிருந்து அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தினமும் ஜோயல் எப்போது வருவான் என்று கேட்டில் காத்திருந்து, தன் நாவலில் முந்தின நாள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வார். வாலாஜாபாத் பக்கம் போகும் இன்னொரு வேனுக்கும் கதை பரவிவிட்டது. 'அப்புறம் என்ன' என்று யாரும் கேட்கவில்லையாம். எல்லோரும் 'ஏன், ஏன்' என்றே கேட்டார்களாம். தசரதன் எந்தப் புதுமைக்காக மண்டையை உடைத்துக்கொண்டாரோ, அது மூன்றாம் வரிசை சீட்டில் ஜன்னலோரமாகக் காற்று வாங்கிக்கொண்டு போய் வந்தது. வீட்டில் மானம் கருதி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுந்தராம்பாளும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, லைனில் எந்த பெல்ட் நின்றது, யார் கூடுதல் நேரம் ஓ.டி. பார்த்தார்கள் என்று பேசுவாள். அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அவருக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை ஜோயல் வந்து கையை விரித்தான். "எல்லாம் தெரிஞ்சு போச்சுண்ணே. அவ ஏன் சிரிச்சாங்கறது மட்டும்தான் பாக்கி. அத்த அண்ணி திங்கக்கிழம சொல்றாங்களாம். நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"திங்கக்கிழம வரைக்கும் பொறுத்துக்கடா" என்றார் ஆசிரியர். அவரால்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தராம்பாள் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஊறவைத்த அரிசியை இறக்கி வைத்தாள். தசரதன் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சுந்தரா, கையி வலிக்குமே. வாரம் பூரா பிஸ்கட்டு அடுக்கின கையி. நான் ஆட்டறேன்."

"இன்னா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம்."

அவர் உட்கார்ந்து ஆட்டினார். நாலு சுற்று சுற்றினார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவ ஏன் சிரிச்சா?"

"யாரு?"

"காஞ்சனாதான்."

"நீங்க எழுதின கதை. என்னைக் கேக்கறீங்க?"

"விளையாடாதம்மே. சொல்லேன்."

சுந்தராம்பாள் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். "அவ எங்கயும் ஓடிப்போவலீங்க. கூண்டு இனிமே வேணாம்னு போற வழியில கடைக்காரன்கிட்ட குடுத்துட்டு, அப்படியே வேலைக்குப் போறா. மொத நாளு. சாயங்காலம் ஆறு மணிக்கு வூட்டுக்கு வந்துடுவா. அது அவனுக்குத் தெரியல. ஒரேயடியா போறான்னு நெனச்சுகினு மழையில நிக்கறான். சொல்லலாம்னு திரும்பினா, பஸ்ஸு எடுத்துட்டான். அவன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வந்துடுச்சு. அவ்ளோதான்."

குழவி நின்றுவிட்டது. தசரதனுக்கு ஏனோ கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது.

"ஆறு மணிக்கு வந்துடுவாளா?"

"ஓ.டி. இருந்தா எட்டு."

"நல்லா கீதும்மே" என்றார். "நெஜமாவே நல்லா கீது."

அவளும் சிரித்தாள். இதை உடனே எழுதியாக வேண்டும் என்று அவருக்குக் கை பரபரத்தது. கடைசியிலிருந்து ஆரம்பம் வரை எல்லா அத்தியாயமும் கைக்கு வந்துவிட்டது. எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுதுகிறவன் பெயர்தானே அட்டையில் போடுவார்கள்? அதை நினைத்ததும் குழவி படுவேகமாகச் சுற்றியது.

சுந்தராம்பாள் உப்பெடுக்க உள்ளே போன சமயம், வாசலில் கசகசவென்று குரல்கள் கேட்டன. கனகத்தின் பின்னால் ஒரு கூட்டம் பெண்கள். வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிலர், வாலாஜாபாத் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் சிலர். தலை நிறையப் பூ. ஒருத்தி தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்திருந்தாள்.

"திங்கக்கிழம வரைக்கும் தாங்காதுக்கா" என்று அவள் கனகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கதைய உண்டு பண்ணவங்கள நேர்ல பாத்து கேட்டுட்டுப் போலாம்னு வந்துட்டோம்."

தசரதனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐந்து நாவல்களும் பரணில் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாசகர்கள்! தட்டோடு! அவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, முழங்கை வரை வழிந்த மாவோடு வாசலுக்கு விரைந்தார். கையைக் குவித்தார்.

"வாங்க, வாங்க. வணக்கம்."

பெண்கள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். தட்டு வைத்திருந்தவள் மரியாதையாக அதை முன்னால் நீட்டினாள். "கதை இவரோடதுங்களாக்கா?"

கனகம் அந்தத் தட்டை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல, இல்ல. கதை சொல்றவங்க உள்ள கீறாங்க. இவரு கதையில வர்றவரு."